மூன்று வேளை, இரண்டு மலை, ஓர் ஆறு

"காலைக் கடம்பர், மத்தியானச் சொக்கர், அந்தி ஈங்கோய்நாதர்." திருச்சிக்கு மேற்கே காவிரியின் இரு கரைகளிலும் இந்த வழக்கைக் காதில் வாங்காமல் வளர்ந்தவர்கள் குறைவு. குளித்தலைக் கடம்பவனேசுவரரைக் காலையிலும், அய்யர்மலை இரத்தினகிரீசுவரரை உச்சிவேளையிலும், ஆற்றைத் தாண்டி ஈங்கோய்மலை மரகதாசலேசுவரரைப் பொழுது சாயும் நேரத்திலும் ஒரே நாளில் தரிசிக்க வேண்டும் என்பது அதன் பொருள். கார்த்திகைச் சோமவாரங்களில் இன்றைக்கும் குடும்பம் குடும்பமாக ஜனங்கள் இந்த மூன்றையும் சுற்றி வருகிறார்கள்.

பெரும்பாலும் இதைப் புண்ணியக் கணக்காகவே பேசுகிறோம். அந்தப் புண்ணியத்தை நானும் நம்புகிறேன். ஆனால் எனக்கு இதில் இன்னொன்றும் தெரிகிறது. நான் காட்டூர்க்காரன். திருவெறும்பூர் பாய்லர் பிளாண்டில் பிளானிங் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எந்த வேலை முதலில், எது எதற்காகக் காத்திருக்க வேண்டும், எங்கே அவகாசம் விட வேண்டும் என்று அட்டவணை போடுவதுதான் என் பிழைப்பாக இருந்தது. அந்தக் கண்ணோடு பார்த்தால், இந்த ஒற்றை வரி எங்கள் சீமையின் பழைய, நன்றாகத் தேர்ந்த ஒரு நாள் மலைநடைத் திட்டம். மூன்று பெயரும் மூன்று வேளையும் தவிர அதில் வேறு எதுவும் இல்லை. தூரம், ஏற்றம், வெயில், தண்ணீர், ஆற்றைக் கடப்பது, இருட்டு என்று ஒரு மலைநடைக்கு யோசிக்க வேண்டிய அத்தனைக்கும் அந்த மூன்று வேளைக்குள்ளேயே பதில் இருக்கிறது.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். திருச்சியிலிருந்து கரூர் போகும் வழியில், காவிரியின் தென்கரையில் இருப்பது குளித்தலை. மாயனூர் தொடங்கி முக்கொம்பு வரை காவிரி பரந்து விரிந்து கிடக்கும். அகண்ட காவிரி என்பார்கள். குளித்தலைக்கு எதிரே முசிறி. இடையில் ஆறு ஒரு கிலோமீட்டருக்கும் மேல் அகலம். கடம்பர் கோயில் ஆற்றங்கரையில், வடக்கே காவிரியைப் பார்த்து நிற்கிறது. அங்கிருந்து தெற்கே, மணப்பாறைச் சாலையில் ஏறத்தாழ 8 கிலோமீட்டர் போனால் சிவாயம் கிராமம். அங்கே சமவெளியில் தன்னந்தனியாக எழும்பி நிற்கும் பாறைமலைதான் அய்யர்மலை. படிகள் 1017. முசிறிப் பக்கம் கரையேறி, நாமக்கல் சாலையில் மேற்கே ஏறத்தாழ 5 கிலோமீட்டர் நடந்தால் ஈங்கோய்மலை. அதற்கு ஏறத்தாழ 500 படி. தென்கரை மலைக்கு இரத்தினகிரி என்றும் வடகரை மலைக்கு மரகதாசலம் என்றும் பெயர். இரண்டு ரத்தினங்களுக்கு நடுவில் காவிரி.

இந்த மலைகளுக்கு மனிதர் வந்துபோன வரலாறு மிக நீண்டது. அய்யர்மலையில் சமணர் தங்கிய குகைத்தளமும் கற்படுக்கைகளும் தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறிப்பும் உண்டு. இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே இந்தப் பாறையில் ஆள் தங்கியிருக்கிறார்கள்; அவர்களுக்குக் கீழேயிருந்து உணவும் தண்ணீரும் போயிருக்கின்றன; அப்படியானால் பாறையில் ஒரு தடமும் இருந்திருக்கிறது. ஏழாம் நூற்றாண்டில் திருநாவுக்கரசர் கடம்பந்துறையையும் வாட்போக்கியையும் பாடினார். தேவாரத்தில் குளித்தலைக்குக் கடம்பந்துறை என்றும் அய்யர்மலைக்கு வாட்போக்கி என்றும் பெயர். ஈங்கோய்மலையைப் பாடியவர் திருஞானசம்பந்தர். நக்கீரதேவ நாயனாரின் திருஈங்கோய்மலை எழுபது பதினோராம் திருமுறையில் இருக்கிறது. ஒரு சின்னக் குன்றுக்கு எழுபது வெண்பா! பத்தொன்பதாம் நூற்றாண்டில் எங்கள் ஊர்ப் பெருமையான திரிசிரபுரம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை வாட்போக்கிக் கலம்பகம் செய்தார். அவருடைய மாணவர் உ.வே.சாமிநாதையர் கடம்பர்கோயில் உலாவைப் பதிப்பித்துத் தந்தார். இப்படிப் புலவர்கள் ஒவ்வொரு தலத்தையும் தனித்தனியாகப் பாடி வைத்தார்கள். மூன்றையும் ஒரு நாளில் கோத்தது பெயர் தெரியாத ஜனங்களின் வேலை. கால் வலிக்க நடந்து பார்த்தவர்களைத் தவிர வேறு யாராலும் அப்படிக் கோத்திருக்க முடியாது என்பது என் துணிபு.

ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. 1892இல் ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நைஸ்மித் ஒரு விதி சொன்னார். மூன்று மைல் தூரத்துக்கு ஒரு மணி நேரம். 2000 அடி ஏற்றத்துக்குக் கூடுதலாக ஒரு மணி நேரம். மலைநடைக்குத் திட்டம் போடுகிறவர்கள் உலகெங்கும் இன்றைக்கும் இதைத்தான் அடிப்படையாகக் கொள்கிறார்கள். அதை நம் வழக்குக்குப் பொருத்திப் பார்த்தேன். குளித்தலையிலிருந்து அய்யர்மலைக்குப் போக 8, திரும்ப 8, ஆற்றுக்கு ஒன்றரை இரண்டு, முசிறியிலிருந்து ஈங்கோய்மலைக்கு 5. ஆக 23 கிலோமீட்டர், அதாவது 14 மைல் சொச்சம். ஒரு படிக்கு முக்கால் அடி என்று வைத்தால் அய்யர்மலை 760 அடி, ஈங்கோய்மலை 375 அடி. நைஸ்மித் கணக்குப்படி சமதரைக்கு நாலே முக்கால் மணி, ஏற்றத்துக்கு அரை மணிக்குக் கொஞ்சம் மேல். மொத்தம் ஐந்தரை மணிக்குள் அடங்கும்.

அது திடகாத்திரமான ஆளுக்கான கணக்கு. வயதானவர்களும் கைக்குழந்தைக்காரிகளும் கூட்டத்தில் இருப்பார்கள். ஒன்றரை மடங்கு போடுவோம், எட்டு மணி. கார்த்திகையில் விடிகாலை ஐந்துக்கு ஆற்றில் முழுகி, மாலை ஆறு மணிக்கு முன்னால் ஈங்கோய் உச்சியில் நிற்க வேண்டும் என்றால் கையில் பதின்மூன்று மணி நேரம். எட்டுப் போக மீதி ஐந்து. அந்த ஐந்தில் மூன்று கோயில் தரிசனம், ஓடத்துக்குக் காத்திருப்பது, இளைப்பாறுவது எல்லாம் முடிந்தாக வேண்டும். முடியும். இறுக்கமும் இல்லை, தொளதொளப்பும் இல்லை. நான் போட்ட அட்டவணைகளில் இவ்வளவு நேர்த்தியாக அமைந்தவை சிலவே.

வரிசையைப் பாருங்கள். காலையில் கடம்பர். நடைக்கு முன்னால் குளியலும் தண்ணீரும் வேண்டும். இரண்டும் கடம்பந்துறையில் இருக்கின்றன. கோயிலும் ஆற்றைப் பார்த்தபடியே நிற்கிறது. குளித்து எழுந்தால் எதிரே சந்நிதி. ஆறு மணிக்குள் தரிசனம் முடித்துத் தெற்கே நடந்தால், வெயில் ஏறுவதற்குள் எட்டு கிலோமீட்டரும் கழிந்துவிடும். எட்டரைக்கு அடிவாரம். நின்று நின்று ஏறினாலும் பத்து மணிக்கு உச்சி.

பூசை நடப்பது உச்சிக்காலத்தில். பத்துக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில் இரண்டு மணி நேரம் சும்மா கிடக்கிறது. இந்தத் திட்டத்தின் உயிர்நாடி அந்த இரண்டு மணி நேரம்தான். எங்கள் பிரிவில் இதை 'ஸ்லாக்' என்போம். காலையில் யாராவது தாமதித்தாலும், குழந்தை அடம்பிடித்தாலும், முழங்கால் பிடித்துக்கொண்டாலும் அந்த அவகாசம் எல்லாவற்றையும் விழுங்கிக்கொள்ளும். அது விழுந்திருக்கும் இடத்தையும் கவனிக்க வேண்டும். சாலையோரத்தில் அல்ல, படிக்கட்டின் நடுவில் அல்ல, நிழலும் காற்றும் காட்சியும் உள்ள மலையுச்சிக் கோயிலில் விழுந்திருக்கிறது. காத்திருப்பதே அங்கே இன்பம்.

பெரிய மலை முதலில், சின்ன மலை கடைசியில் என்பதற்கும் காரணம் தெரிகிறது. உடம்பில் தெம்பு இருக்கும்போது ஆயிரம் படி. தெம்பு குறைந்தபின் ஐந்நூறு. கார்த்திகையில் சூரியன் ஆறு மணிக்கு முன்பே மறைந்துவிடும். கடைசி மலையில் இறங்குவது எப்படியும் இருட்டில்தான். அரிக்கேன் விளக்கோ தீவட்டியோ வைத்துக்கொண்டு ஐந்நூறு படியைப் பதறாமல் இறங்கிவிடலாம். களைத்த காலோடு அய்யர்மலைப் பாறைச்சரிவில் ஆயிரத்துப் பதினேழு படியை இருட்டில் இறங்கச் சொல்வது கொடுமை. ஆற்றையும் வெளிச்சத்திலேயே கடந்தாக வேண்டும். மத்தியானம் ஒரு மணிக்கு அடிவாரம் வந்தால் மூன்றேகாலுக்குக் குளித்தலை, நாலு மணிக்கு அக்கரை, ஐந்தேகாலுக்கு ஈங்கோய் அடிவாரம், ஐந்தே முக்காலுக்கு உச்சி. அந்தி என்று அந்த வழக்குச் சொன்ன அதே நேரம். வரிசையில் ஒன்றை மாற்றினாலும் இந்தக் கணக்கு உடைந்துபோகும்.

மாதத்தையும் நம் முன்னோர் யோசித்தே வைத்திருக்கிறார்கள். அய்யர்மலை வெறும் பாறை. சித்திரை, வைகாசியில் உச்சிவேளைக்கு அதில் வெறுங்காலோடு நிற்க முடியாது. ஆடியில் காவிரி பொங்கி வரும். 1924ஆம் ஆண்டு வெள்ளத்தைப் பற்றி எங்கள் தாத்தா தலைமுறை சாகும்வரை பேசியது. 1934இல் மேட்டூர் அணை வந்து ஆற்றை ஒரு கட்டுக்குள் கொண்டுவருவதற்கு முன்னால், வெள்ளக் காலத்தில் இந்த அகண்ட காவிரியை ஓடத்தில் தாண்டுவது உயிர்ப்பணயம். கார்த்திகையில் வெயில் தணிந்திருக்கும், பாறை குளிர்ந்திருக்கும், ஆற்றில் ஓடம் போகும் அளவுக்குத் தண்ணீரும் இருக்கும். மழை மட்டும் பயம். கர்ணனுக்கு மிஞ்சிய கொடை இல்லை, கார்த்திகைக்கு மிஞ்சிய மழை இல்லை என்பார்கள். ஐப்பசி அடைமழை ஓய்ந்து, கார்த்திகை மழையும் விடைபெறும் அந்த இடைவெளியில் வருகிற திங்கட்கிழமைகள்தான் இந்த நடைக்கானவை. சோமவாரம் சிவனுக்கு உகந்தது என்பது சாஸ்திரம். அந்தச் சாஸ்திரம் பருவம் அறிந்த சாஸ்திரம்.

என் அத்தை முசிறியில் வாழ்க்கைப்பட்டவர். பாலம் இல்லாத காலத்தில் இந்த நடையை முழுசாக நடந்தவர். அவர் சொன்னதைத்தான் நான் முதல் ஆதாரமாக எடுத்துக்கொள்கிறேன். முதல் நாள் சாயந்தரமே முசிறியிலிருந்து ஆற்றைத் தாண்டி வந்து, குளித்தலையில் உறவுக்காரர் வீட்டுத் திண்ணையில் படுத்துக்கொள்வார்களாம். முசிறிப் பக்கம் நெய்யும் கோரைப்பாயைச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு வருவார்கள். வந்த வீட்டுக்கு அந்தப் பாயே சீர். விடிகாலை ஆற்றில் முழுக்கு. ஈரப் புடவையோடு கடம்பர் சந்நிதி. பிறகு நடை. வழி நெடுக வாழைத் தோட்டமும் வெற்றிலைக் கொடிக்காலும். கொஞ்சம் தள்ளிப் போனதும் பசுமை குறைந்து மேட்டுக்காடு வரும். அங்கிருந்து மலை கண்ணை விட்டு அகலாது.

"தூரத்துலயே மலையைப் பாத்துட்டா ஏறிட்ட மாதிரி நெனைப்பு வந்துடும்டா தம்பி. அதுதான் ஆபத்து. மலை பக்கத்துல இருக்கிற மாதிரியே இருக்கும், நடக்க நடக்கத் தள்ளித் தள்ளிப் போகும். பேச்சைக் கொறச்சுக்கிட்டு நடக்கணும்" என்பார் அத்தை. ஏறும்போது தண்ணீர் குடிப்பது பற்றி அவருக்குக் கண்டிப்பான விதி: "நின்னு குடிக்காதே, உக்காந்து குடி. வாய் நெறையக் குடிக்காதே, நாக்கு நனையக் குடி." விரதக்காரர்கள் இரவில்தான் சாப்பிடுவார்கள். குழந்தைகளுக்கு மட்டும் கட்டுச்சோறு; புளிச்சோறு மத்தியானத்துக்கு, அவல் சாயந்தரத்துக்கு. திரும்பும் வழியில் ஓடத்தில் உட்காரும் அந்த நேரத்தைத்தான் அத்தை மிகவும் ஆசையாகச் சொல்வார். காலைத் தொங்கப் போட்டுத் தண்ணீரில் நனைத்தபடி வருவார்களாம். மத்தியானம் ஏறி இறங்கிய மலை முதுகுப் பக்கம், சாயந்தரம் ஏறப்போகும் மலை முகத்துப் பக்கம். பதினாறு கிலோமீட்டர் நடந்த காலுக்கு ஆறே வைத்தியம்.

இந்த நடையில் பாதை மட்டும் பழையது. பயணம் காலத்துக்குக் காலம் மாறியே வந்திருக்கிறது. 1860களில் திருச்சியிலிருந்து கரூர் வழியாக ஈரோட்டுக்கு ரயில் பாதை போட்டார்கள். அதன்பின் திருச்சிக்காரர்களுக்குக் குளித்தலை எட்டும் தூரத்துக்கு வந்தது. கோட்டை ஸ்டேஷனில் ஏறினால் முத்தரசநல்லூர், ஜீயபுரம், எலமனூர், பெருகமணி, பெட்டவாய்த்தலை, குளித்தலை. காவிரியை ஒட்டியே போகும் அந்த வண்டியில் ஜன்னலோரம் கிடைத்தால் பாதி யாத்திரை அங்கேயே முடிந்துவிடும். பிறகு பஸ் வந்தது. முசிறிக்கும் குளித்தலைக்கும் நடுவே தந்தை பெரியார் பாலம் வந்தது. பாலம் வந்ததும் ஓடத்துறை ஓய்ந்தது. எந்தப் படகுக்காரனுக்கும் காத்திருக்காமல், வெள்ளமோ வறட்சியோ, எந்நேரமும் அக்கரை போகலாம் என்றாகிவிட்டது. பிரசவத்துக்குத் துடித்த பெண்களையும் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளையும் நினைத்தால் அந்தப் பாலத்தைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது. நிர்வாக எல்லையும் மாறியது. முன்பு திருச்சி மாவட்டத்தில் இருந்த குளித்தலை இப்போது கரூர் மாவட்டம்; முசிறியும் ஈங்கோய்மலையும் திருச்சி மாவட்டத்திலேயே இருக்கின்றன. இன்று இந்த ஒரு நாள் நடை இரண்டு மாவட்டங்களில் நடக்கிறது. வழக்கு மட்டும் பிரியவில்லை.

அய்யர்மலையின் தண்ணீர்க் கதையைச் சொல்லாமல் இந்த வரலாறு நிறைவாகாது. ஆரிய மன்னன் ஒருவன் இழந்த மணியைத் தேடி இங்கே வந்தானாம். காவிரி நீரால் ஒரு கொப்பரையை நிரப்பினால் மணி கிடைக்கும் என்று இறைவன் சொன்னார். எத்தனை குடம் கொட்டியும் கொப்பரை நிறையவில்லை. ஆத்திரத்தில் மன்னன் வாளை வீச, இறைவன் முடியில் தழும்பு விழுந்தது. முடித்தழும்பர் என்ற பெயர் அதனால் வந்தது என்கிறது தலபுராணம். தவறை உணர்ந்த மன்னன் காவிரி நீரால் திருமஞ்சனம் செய்தான். அந்த வழக்கம் இன்றும் நிற்கவில்லை. காவிரியிலிருந்து அபிஷேகத்துக்குத் தண்ணீர் எடுத்துவந்து, அத்தனை படியும் சுமந்து ஏற்றுகிறார்கள்.

எட்டு கிலோமீட்டர் தூரமும் ஆயிரம் படியும் கடந்து தினமும் தண்ணீர் ஏறும் மலை வேறு எங்கே இருக்கிறது? காலையில் ஆற்றில் மொண்ட தண்ணீர், சுமந்த ஆளின் நடைவேகத்தில் உச்சிக்கு வந்துசேர மத்தியானம் ஆகிவிடும். மத்தியானச் சொக்கர் என்ற வேளையே அந்தத் தண்ணீரின் நடையிலிருந்து பிறந்தது என்று நான் எண்ணுகிறேன். ஜனங்கள் கடம்பந்துறையில் குளித்து மலைக்கு நடந்த நடை, தண்ணீர் நடந்த அதே நடை. யாத்திரிகர் தண்ணீரின் பின்னால் நடந்திருக்கிறார்கள். இந்த மலையோடு வணிகர்களுக்கும் ஒரு உறவு உண்டு. பதினொரு வணிகர்கள் தங்கள் பொருளைப் பங்கு பிரிக்க, ஒவ்வொரு முறையும் பன்னிரண்டு பங்காக வந்ததாம். பன்னிரண்டாவது பங்காளி மலைமேல் இருக்கும் சொக்கரே என்று உணர்ந்து அந்தப் பங்கை அவருக்கே கொடுத்தார்கள். பன்னிரண்டாம் செட்டியார் என்று அவர் பெயரையே தங்கள் குலப் பெயராக வைத்துக்கொண்டவர்கள் எங்கள் பக்கத்தில் இருக்கிறார்கள்.

காட்டூர்க்காரர்களுக்கு மலை புதிதில்லை. மேற்கே மலைக்கோட்டை, கிழக்கே திருவெறும்பூர்க் குன்று. எறும்புகள் ஏறுவதற்காக இறைவன் தன் உடலைச் சாய்த்துக் கொடுத்த கோயில் அது. வேலையிலிருந்த காலத்தில், இரவு ஷிப்ட் முடித்து அந்தக் குன்றில் ஏறிக் காற்று வாங்கிவிட்டு வீட்டுக்குப் போவது எங்களில் பலருக்குப் பழக்கம். அந்தச் சின்னக் குன்றில் பழகிய காலோடுதான் நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு கார்த்திகையில் குளித்தலைக்குப் போகத் தொடங்கினேன். முதல் நாள் இரவே அட்டவணை எழுதிக் கொடுத்துவிடுவேன். அத்தை சொன்ன விதிகளும் அதில் இருக்கும்.

அய்யர்மலையில் ஏறும்போது ஊர் படிப்படியாக விரிவதுதான் முதல் அழகு. முதல் நூறு படியில் கூரைகள் தெரியும். பாதி மலையில், பொன்னிடும் பாறைப் பக்கம், வயல்களின் வரப்புக்கோடு தெரியும். அதற்குமேல் வடக்கே ஒரு நீண்ட பசுமைப் பட்டை எழும்பும். அதற்குள் மின்னுவது காவிரி. காலையில் நாம் நின்ற துறை அங்கே இருக்கிறது என்று விரல் நீட்டிக் காட்டலாம். அதற்கும் அப்பால் வடகரைக் குன்றுகள். இந்த மலைக்குமேல் காகம் பறப்பதில்லை என்பது ஊர் நம்பிக்கை. அபிஷேகப் பால் புளிக்காமல் தயிராகிறது என்பதும் நம்பிக்கை. குரங்குகள் மட்டும் கூட்டம் கூட்டமாக இருக்கின்றன. கையில் பை வைத்திருந்தால் பிடுங்கிவிடும்.

ஈங்கோய்மலையின் அழகு வேறு மாதிரி. அகத்தியர் ஈ வடிவில் வந்து வழிபட்ட மலை அது என்பார்கள். தலமரம் புளி. படிகள் குறைவு, மனம் ஏற்கெனவே நிறைந்திருக்கிறது, உடம்பு களைத்திருக்கிறது. அங்கிருந்து தெற்கே பார்த்தால் காவிரி முழு அகலத்தோடு காலடியில் ஓடும். அதற்கப்பால் மத்தியானம் நாம் நின்ற அய்யர்மலை நீலமாகத் தெரியும். ஒரு நாளில் நாம் கடந்த தூரம் அத்தனையும் ஒரே பார்வையில் அடங்குகிறது. நடந்து வந்தவனுக்கு மட்டும் அந்தக் காட்சி தன்னுடைய நாளின் கணக்காகத் தெரியும். மலைநடையை ஒரு கலை என்று சொன்னால், அந்தக் கலையின் உச்சம் இதுதான் என்பேன்.

மனிதர் இரண்டு மலைக்கும் ஏறிப் போவது கார்த்திகையில். மலைச்சாமிகள் இறங்கி வருவது தையில். தைப்பூசத்தன்று சுற்றுப்பட்டு எட்டு ஊர்ச் சுவாமிகள் குளித்தலைக் கடம்பந்துறையில் கூடுகிறார்கள். அய்யர்மலை, ஈங்கோய்மலை, முசிறி, வெள்ளூர், கருப்பத்தூர், ராஜேந்திரம், பெட்டவாய்த்தலை ஆகிய ஊர்களிலிருந்து உற்சவர்கள் வர, கடம்பர் வரவேற்று நடுநாயகமாக நிற்பார். கார்த்திகையில் நாம் நடந்து கோத்த ஊர்களை இரண்டு மாதம் கழித்துத் தெய்வங்களே ஆற்றங்கரையில் கோக்கின்றன. இந்த வட்டாரத்தின் உறவுமுறை முழுவதும் காவிரியை நடுவில் வைத்துப் பின்னப்பட்டது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

2024 ஜூலையில் அய்யர்மலைக்கு ரோப்கார் திறந்தார்கள். நான் அதை வரவேற்கிறேன். அத்தையின் கடைசிக் காலத்தில் அது இருந்திருந்தால் இன்னொரு முறை சொக்கரைப் பார்த்திருப்பார். முழங்கால் தேய்ந்தவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் மலையுச்சி எட்டாத இடமாக இருக்கக் கூடாது. என் கவலை வேறு. காரில் வந்து, மேலே போய் இறங்கி, பாலத்தைத் தாண்டி, மூன்றையும் அரை நாளில் முடித்துவிடுகிறவர்கள் பெருகிவிட்டார்கள். காலையில் கடம்பர், பத்து மணிக்குச் சொக்கர், மத்தியானம் ஈங்கோய் என்று வேளை கலைந்துபோகிறது. மூன்று வேளை கலைந்தால் இந்த வழக்கில் மிஞ்சுவது மூன்று கோயில்களின் பட்டியல் மட்டும்தான். அந்த வேளைகளுக்குள் இருக்கும் பருவ அறிவும், தண்ணீர் நடந்த வழியும், கூட்டத்தில் மெதுவாக நடப்பவருக்காக வைத்த அவகாசமும் பட்டியலில் நிற்காது. ஆகவே ரோப்காரில் போனாலும் உச்சிவேளைக்குப் போங்கள். காரில் வந்தாலும் அந்தியில்தான் ஈங்கோய் ஏறுவது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நடக்க விரும்புகிறவர்களுக்கு என் அட்டவணை இது. திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டில் கரூர் பஸ் பிடித்து முதல் நாள் இரவே குளித்தலை போய்விடுங்கள். ஆற்றில் இறங்குவதற்கு முன் அன்றைய நீர்வரத்தைக் கரையில் விசாரியுங்கள். சுழல் உள்ள இடங்கள் உள்ளூர்க்காரர்களுக்குத் தெரியும். ஆறு மணிக்குக் கடம்பர் வாசலை விட்டுப் புறப்படுங்கள். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், ஒரு துண்டு, ஒரு டார்ச் போதும். பையைக் கையில் தொங்கவிடாமல் முதுகில் கட்டிக்கொள்ளுங்கள். அடிவாரத்தில் நடை சாத்தும் நேரத்தைக் கேட்டுவிட்டு ஏறுங்கள். கூட்டத்தில் யார் மெதுவாக நடக்கிறாரோ அவரை முன்னால் விடுங்கள். மேலே இரண்டு மணி நேரம் உட்காருங்கள். அதில் கஞ்சத்தனம் வேண்டாம். பாலத்தை வெளிச்சத்தில் கடந்துவிடுங்கள்.

இந்த வழக்கு இன்னொரு தலைமுறை கால்நடையாக வாழ வேண்டுமானால் அதற்கு ஒரு காரியம் நடந்தாக வேண்டும். குளித்தலையிலிருந்து அய்யர்மலை வரை உள்ள அந்த எட்டு கிலோமீட்டருக்கு நிழல் வேண்டும். அத்தை காலத்தில் புளியும் வேம்பும் தோளுரசி நின்ற சாலை என்று கேட்டிருக்கிறேன். சாலை அகலம் ஆக ஆக, மத்தியானம் திரும்பி நடப்பவருக்கு வெயில்தான் துணை என்றாகிவிட்டது. ஈங்கோயின் தலமரம் புளி, அய்யர்மலையின் தலமரம் வேம்பு. இரண்டும் வறட்சி தாங்கும். இரண்டும் நம் மண்ணுக்கு நன்றாகப் பழகிய மரங்கள். சாலையின் இரு பக்கமும் இந்த இரண்டையும் வைத்து, மூன்று இடத்தில் தண்ணீர்த் தொட்டியும் கல் திண்ணையும் கட்டிவிட்டால், குழந்தையும் கிழவியும் திரும்ப நடக்கத் தொடங்குவார்கள். கோயிலும் ஊராட்சியும் நாமும் சேர்ந்து செய்யக்கூடிய வேலை இது. வேம்பு நிழல் கொடுக்க ஏழெட்டு ஆண்டு போதும். நம் முன்னோர் நமக்குத் திட்டத்தை வகுத்துக் கொடுத்துவிட்டார்கள். மரம் நடுவது நம் பங்கு.